அறுபத்தாறாம் வருஷத்துக் கோப்பை

லவோனியா டெட்ராய்ட்டை விட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியபோது அவளுக்கு எழுபத்தொன்று. எனக்கு அவளைவிட நாலு மாதம் கூட. கார் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் உழைத்து, புருஷனை அந்த ஊர் மண்ணிலேயே அடக்கம் செய்து, பிள்ளைகள் தனித்தனியாகக் குடும்பமான பிறகு மிசிசிப்பிக்கே வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். இறங்கக்கூட இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

“டெஸ்ஸி, நம்ம கோப்பை எங்கடி?”

ஐம்பது வருஷமாக அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

“தெரியலையே. பள்ளிக்கூடத்த மூடுனப்ப எங்கெங்கயோ கொண்டு போனாங்கன்னு கேள்விப்பட்டேன்,” என்றேன்.

அது பொய். ஆனால் அன்றைக்கு அது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. ஊர் திரும்பிய தோழியை வாசலிலேயே வருத்தப்பட வைப்பானேன் என்றுதான் சொன்னேன்.

அது ஹாலோ க்ரீக் பள்ளியின் கோப்பை. கறுப்புப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. பெண்கள் கூடைப்பந்து அந்தக் காலத்தில் அணிக்கு ஆறு பேர். மூன்று ஃபார்வர்டு ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போட வேண்டும். மூன்று கார்டு மறு பாதியில் நின்று எதிராளியைத் தடுக்க வேண்டும். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. லவோனியா ஃபார்வர்டு, ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. நான் கார்டு. மூன்று வருஷம் ஆடியும் ஒரு தடவைகூடக் கூடையைப் பார்த்துப் பந்தை எறிந்ததில்லை. அது என் வேலையில்லை. அடுத்தவள் எறியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

எங்களுக்குப் பயிற்சி தந்தவர் தையலும் சமையலும் கற்றுக்கொடுத்த பிங்க்ஸ்டன் டீச்சர். பாடகர் குழுவின் அங்கிக்கு வாங்கிய நீலச் சாட்டின் துணியில் மிச்சம் இருந்ததை வைத்து எங்களுக்கு அவரே ஆட்ட உடை தைத்தார். வியர்த்தால் சாயம் போகும். தொடையெல்லாம் நீலமாகத்தான் வீட்டுக்குப் போவோம்.

அறுபத்தாறு மார்ச்சில், ஜாக்சனில் ஒரு கல்லூரி அரங்கத்தில், எங்களைப் போலவே கறுப்புப் பிள்ளைகள் படித்த பெல் ப்ரேரி பள்ளியோடு இறுதி ஆட்டம். நாற்பத்தொன்றுக்கு நாற்பது. இடது மூலையிலிருந்து லவோனியா எறிந்த பந்துதான் கடைசிப் பந்து. திரும்பி வந்த பேருந்தில் சூடு வரும் கருவி வேலை செய்யவில்லை. ஆறு பேரும் ஒரே போர்வைக்குள் சுருண்டு, கோப்பையை மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். ஊர் எல்லையில் சர்ச் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாஸ்டரே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மீன் பொரித்த வாசனை பேருந்துக்குள் வந்தது. அந்த இரவைப் போல ஒன்று அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோப்பை தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கண்ணாடி அலமாரியில் நின்றது. எங்கள் ஆறு பேரின் பெயரும் அதில் பொறித்திருந்தது. நாலு வருஷம் கழித்து, எழுபதாம் வருஷம் ஜனவரியில், கோர்ட்டு உத்தரவுப்படி வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கியது வெள்ளைக்காரர்களின் பள்ளிக் கட்டடத்தில். எங்கள் பள்ளியை மூடிவிட்டார்கள். எங்கள் பாட்டு, எங்கள் கொடி, எங்கள் தலைமையாசிரியரின் நாற்காலி, எதுவும் அங்கே போகவில்லை. லவோனியா அதற்கு முன்பே, அறுபத்தெட்டில், வடக்கே போயிருந்தாள்.

“அந்த மாதிரி சாமானை யாரும் தூக்கிப் போட மாட்டாங்கடி,” என்றாள் லவோனியா. “எவனாவது ஏதாவது மியூசியத்துல வெச்சிருப்பான். தேடுனா கெடைக்கும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. அவள் ஓட்டுவாள். நான் மெழுகுத்தாளில் சுற்றிய பொலோனி இறைச்சி சாண்ட்விச்சும் ஒரு குடுவை இனிப்புத் தேநீரும் எடுத்துக்கொள்வேன். ஜாக்சனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மியூசியத்துக்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. லவோனியாவுக்குச் சுவரில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். நான் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்ப்பவள். பழைய உள்நாட்டுப் போர் நடந்த விக்ஸ்பர்க் போர்க்களத்தில் பீரங்கிகளுக்கு நடுவே காரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு நினைவுச் சின்னத்திலும் எந்த மாநிலத்துப் பட்டாளம் என்று இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். நாட்செஸில், ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் பின்வாசல் வழியாக மட்டுமே நுழைந்த ஒரு பெரிய மாளிகை. உள்ளே போகும் முன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

“முன்வாசல் வழியா போவோம். சமையக்கட்ட கடைசியா பாக்கலாம்.”

“எனக்கு முதல்ல கக்கூஸப் பாக்கணும்,” என்றேன்.

“அதுக்கும் முன்வாசல் வழியாவே போ.”

சின்ன ஊர்களில் பழைய ரயில் நிலையம் எல்லாம் மியூசியம் ஆகியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு வெண்ணெய் கடையும் மரப்பானை, ஒரு பல் டாக்டர் நாற்காலி, ஒரு பழைய தொலைபேசி இணைப்புப் பலகை. எங்கே போனாலும் லவோனியா மேஜைக்குப் பின்னால் இருப்பவரிடம் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

“உங்க ஸ்டோர் ரூம்ல பழைய கோப்பை ஏதாவது கெடக்குதாங்க? பொம்பளப் புள்ளைங்க பேஸ்கட்பால், அறுபத்தாறு?”

இல்லை என்பார்கள். சிலர் எழுந்துபோய்த் தேடிவிட்டு வந்து இல்லை என்பார்கள். காருக்குத் திரும்பும்போது அவள் முகத்தை நான் பார்க்க மாட்டேன். அன்றே சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் வாய் வரை வரும். ஆனால் வழியில் கிரீன்வில்லில் சோள மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த சூடான டமாலே வாங்கி காரின் முன்பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவோம். பிங்க்ஸ்டன் டீச்சர் விசில் ஊதும்போது கன்னம் எப்படி உப்பும் என்று லவோனியா ஊதிக் காட்டுவாள். சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறும். என் வீட்டுக்காரர் போன பிறகு ஒன்பது வருஷமாக சனிக்கிழமை என்றால் எனக்குத் துணி துவைக்கிற நாள், அவ்வளவுதான். அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டாம் வருஷம் அக்டோபரில், சர்ச் பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டிருந்ததை லவோனியா பார்த்தாள். பெல் ப்ரேரி பழைய பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தை மியூசியமாக்கி இருக்கிறார்களாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமைதான் திறப்பார்களாம்.

“எதிரி ஊராச்சே,” என்றேன்.

“எதிரிக்குத்தான்டி எல்லாம் ஞாபகம் இருக்கும்.”

மூன்று மணி நேரப் பயணம். பருத்தி எடுத்து முடித்த வயல்கள் இரண்டு பக்கமும். பள்ளியில் மிச்சமிருந்தது அந்த ஒரு கூடம்தான். வாசலில் கையால் எழுதிய பலகை. உள்ளே நீளமான மேஜைக்குப் பின்னால் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, முழங்காலில் பட்டை கட்டி, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தாள்.

“வாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் பாருங்க. எதையும் தொடாதீங்க,” என்றாள்.

பாடகர் குழுவின் படம், ஒரு கைமணி, பழைய மேஜை நாற்காலிகள். எல்லாவற்றையும் தாண்டி ஒரு கோப்பை இருந்தது. நான் கிட்டே போனேன். ஆனால் அது எங்களுடையதைவிடச் சிறியது. உச்சியில் நிற்கும் பொம்மைப் பெண்ணுக்கு ஒரு கை இல்லை. கீழே அட்டையில் எழுதியிருந்தது: ‘1966. மாநிலத்தில் இரண்டாம் இடம். ஆட்டம் முடியும் மணி அடித்த பிறகு விழுந்த பந்தினால் ஒரு புள்ளியில் தோற்றோம்.’

ஜெயித்தது யார் என்று அதில் இல்லை. லவோனியா அதை இரண்டு தடவை படித்தாள்.

“இத எழுதுனது யாருங்க?”

“நான்தான். ஏன், எழுத்துப்பிழை இருக்கா?”

“எழுத்துல பிழை இல்ல. விஷயத்துல இருக்கு. பந்து உள்ள போனப்புறம்தான் மணி அடிச்சுது.”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு லவோனியாவைக் கால் முதல் தலை வரை பார்த்தாள். தலைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“நீங்க அங்க இருந்தீங்களோ?”

“பந்த எறிஞ்ச கையே இதுதான்.”

“முப்பத்திரெண்டாம் நம்பர்,” என்றாள் அவள் மெதுவாக. “ஒட்டகச்சிவிங்கி.”

“அப்படியா எனக்குப் பேரு வெச்சிருந்தீங்க?”

“அது நல்ல பேரு. இன்னொண்ணு இருந்துச்சு. இந்த வயசுல அத வாயால சொல்லக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “இது யாரு?”

“பதினாலாம் நம்பர். கார்டு,” என்றேன்.

“என் விலாவுல முழங்கைய விட்டவ நீதானாடி?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் முகம் பிடிபட்டது. ஜியோலா. பெல் ப்ரேரி அணித்தலைவி. அந்த ஆட்டம் முழுவதும் அவளைத் தடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

“ரெண்டு தடவ,” என்றேன்.

“மூணு. நடுவர் பாத்தது ரெண்டு. மழ வந்தா இப்பவும் அந்த எடம் வலிக்குது. உக்காருங்க ரெண்டு பேரும், கேக் வெட்றேன்.”

வெண்ணெய் கேக்கும் காபியும் வந்தது. இன்னொன்றையும் கொண்டுவந்தாள், பழுப்பேறிய ஸ்கோர் புத்தகம். அந்த நாளின் பக்கத்தைத் திறந்தாள். பென்சில் எழுத்து. லவோனியாவின் பெயருக்கு நேரே பத்தொன்பது புள்ளி. என் குடும்பப் பெயரை ‘மெக்லின்’ என்று தப்பாக எழுதி, நேரே நாலு ஃபவுல். ஐம்பத்தாறு வருஷம் கழித்து என்னைப் பற்றி எழுத்தில் இருந்தது அந்த நாலு ஃபவுல்தான். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது?” என்று லவோனியா கேட்டாள்.

“குப்பைமேட்டுல,” என்றாள் ஜியோலா. “எழுவது ஜனவரி. எனக்குக் கைக்கொழந்த. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வந்து, ஜியோலா, ஒங்க சாமான எல்லாம் லாரில ஏத்திக் கொண்டு போயிட்டாங்கன்னு சொன்னாரு. கொழந்தைய பக்கத்து வீட்ல குடுத்துட்டு வீட்டுச் செருப்போடயே ஓடுனேன். மழைன்னா மழ. கோப்பை, புத்தகம், மணி, படம், ரெண்டு கையில எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். பொம்ம கை ஒடிஞ்சத நான் திரும்பிப் போயித் தேடுனேன், கெடைக்கல. நாப்பது வருஷம் கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. நான் எடுத்தத யாரு தடுக்கப் போறாங்க? குப்பைதானே அவங்களுக்கு.”

காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“லவோனியா,” என்றேன். “நம்ம கோப்பையும் அப்படித்தான் போச்சு. நான் பாத்தேன்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன். அந்த ஜனவரியில் நான் எங்கள் பள்ளிச் சமையலறையில் வேலையில் இருந்தேன். இருபது வயது. இரண்டு சின்னப் பிள்ளைகள். அம்மா படுக்கையில். புதுப் பள்ளிச் சமையலறைக்கு என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் லாரி நின்றது. இரண்டு வெள்ளைக்கார ஆட்கள் கண்ணாடி அலமாரியைக் காலி செய்து கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். உடைந்த நாற்காலிக்கும் கிழிந்த உலகப் படத்துக்கும் நடுவே எங்கள் கோப்பை சாய்ந்து கிடந்தது. நான் சோள ரொட்டித் தட்டோடு கதவருகே நின்றேன். கை நீட்டினால் எட்டும். அதில் ஒரு ஆள் என்னைப் பார்த்துவிட்டு, இதுல ஏதாவது உனக்கு வேணுமா என்று கேட்டான். முரட்டுத்தனமாகக்கூடக் கேட்கவில்லை.

“நீ என்ன சொன்ன?” என்றாள் லவோனியா.

“வேண்டாம் சார்னு சொன்னேன்.”

ஜியோலா நீட்டியிருந்த காலைக் கீழே இறக்கினாள்.

“வேல போயிருமோன்னு பயம் இருந்துச்சு,” என்றேன். “ஆனா அது மட்டும் இல்ல. வேணும்னு வாயத் தொறந்தா அழுதிருப்பேன். அந்த ஆள் முன்னால நின்னு அழக் கூடாதுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“எந்தக் குப்பைமேடு?”

“கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால இருந்தது. இப்ப அங்க பைன் மரம் வளந்து கெடக்கு.”

“ரெண்டு வருஷம் என்னைய ஊர் ஊரா அலைய விட்டிருக்க.”

“ஆமா.”

“நாட்செஸ்ல அந்த வெயில்ல நாலு மணி நேரம்.”

“ஆமா.”

“ஏன்டி?”

“கோப்பை இல்லன்னு தெரிஞ்சா நீ கார எடுக்க மாட்ட. சனிக்கிழமை மறுபடி துணி துவைக்கிற நாளாப் போயிரும்.”

லவோனியா எழுந்தாள். கைப்பையை எடுத்தாள். ஜியோலாவிடம் கேக் நன்றாக இருந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

“போகட்டும் விடு,” என்றாள் ஜியோலா, மிச்சக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டே. “ஃபார்வர்டுங்க எல்லாமே அப்படித்தான். நானும் ஃபார்வர்டுதான், எனக்குத் தெரியும். ஒண்ணு சொல்றேன் கேளு. நான் தோத்தவ. என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான், அதான் ஓடுனேன். ஜெயிச்சிருந்தா ஒருவேள நானும் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

அது ஆறுதலா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேக்கை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் லவோனியா யாஸூ சிட்டியில் பெட்ரோல் போட நிறுத்தினாள். உள்ளே போய் அவித்த வேர்க்கடலை வாங்கிவந்தாள். ஒரே ஒரு பொட்டலம். அதை மடியில் வைத்து, தோலை ஜன்னல் வழியே எறிந்தபடி, தனியாகவே தின்று முடித்தாள். என் வீட்டு வாசலில் இறங்கியபோது பத்திரமாகப் போ என்றேன். அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

இரண்டு சனிக்கிழமை வந்து போயின. துணி துவைத்தேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. லவோனியா உள்ளே வந்து, நான் சொல்லாமலே சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள்.

“ஆறு பேர் பேரையும் எழுது. எனக்கு எர்மா ஜீனோட கடைசிப் பேரு வர மாட்டேங்குது.”

“எதுக்கு?”

“ஜியோலாட்ட போன்ல பேசுனேன். மூணு நாள் சண்ட போட்டோம். ஜெயிச்சது யாருன்னு அட்டையில போட ஒத்துக்கிட்டா. பேரத் தப்பா எழுதிரக் கூடாது.”

நான் எழுதினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வாரமா யோசிச்சேன்டி,” என்றாள். “அந்த ஆள் என்கிட்ட கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு. நானும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்னு என்னையே நம்ப வெக்கப் பாத்தேன். முடியல. நான் வாங்கியிருப்பேன்.”

“தெரியும்.”

“ஆனா நான் இங்க இல்ல. போயிட்டேன். இருந்தவ நீ.” கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்தாள். “இதையும் அவகிட்ட குடுக்கப் போறேன்.”

உள்ளே செய்தித்தாள் துண்டு. நாங்கள் ஆறு பேரும், பிங்க்ஸ்டன் டீச்சரும், நடுவில் கோப்பையும். நாலு மூலையிலும் ஒட்டுநாடாவின் பழுப்பு. டெட்ராய்ட்டில் தொழிற்சாலை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் முப்பத்துநாலு வருஷம் ஒட்டியிருந்ததாம். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கதவைத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பாளாம். என்னிடம் அவள் அதை அதுவரை காட்டியதே இல்லை.

“கோப்பை கெடைச்சப்புறம் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்னு இருந்தேன்,” என்றாள்.

“மன்னிச்சுக்க,” என்றேன்.

“காபி போடு,” என்றாள்.

நவம்பரில் போனோம். எங்கள் ஆறு பேரில் உயிரோடு இருக்கும் இன்னொருத்தி எர்மா ஜீன். அவளை மெம்ஃபிஸிலிருந்து மகள் அழைத்துவந்தாள். புது அட்டையை ஜியோலா பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். ‘1966 மாநில வெற்றி: ஹாலோ க்ரீக் 41, பெல் ப்ரேரி 40.’ கீழே ஆறு பெயர்கள். என் பெயர் சரியாக இருந்தது. அதற்கும் கீழே, குனிந்து படிக்க வேண்டிய அளவு சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘கடைசிப் பந்து பற்றி இரண்டு ஊராரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.’

“இத எடு,” என்றாள் லவோனியா.

“அத எடுத்தா அட்டையவே எடுத்துருவேன்,” என்றாள் ஜியோலா.

எர்மா ஜீன் பத்திரிகைத் துண்டின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளுக்கு இப்போது பல விஷயம் நினைவில் நிற்பதில்லை. பிங்க்ஸ்டன் டீச்சரின் முகத்தில் விரலை வைத்து, இவங்க எனக்கு நீல டவுசர் தெச்சுக் குடுத்தாங்க என்று மகளிடம் சொன்னாள். எதையும் தொடக் கூடாது என்று ஜியோலா அவளிடம் சொல்லவில்லை.

இப்போதும் போகிறோம். காரில் மூன்று பேர். ஜியோலா முழங்கால் நீட்ட வசதியாகப் பின்சீட்டு முழுவதையும் எடுத்துக்கொள்கிறாள். லவோனியா ஓட்டும் விதத்தைப் பின்னாலிருந்து குறை சொல்கிறாள். போகிற இடத்திலெல்லாம் அட்டையில் தப்பு கண்டுபிடித்து மேஜைக்காரரிடம் விளக்குகிறாள். போன மாதம் கடற்கரைப் பக்கம் பிலாக்ஸி வரை போய்க் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். ஏறுவதற்கு மூன்று பேரில் ஒருத்திக்கும் காலில் தெம்பு இல்லை. கீழேயே நின்று, தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்துவிட்டு, இறால் சாப்பிடப் போனோம்.